தோண்ட வேண்டாம் என்று நான் சொன்ன இடம்

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போன பெருநாளன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மகன் சொன்னான், காலம் கெட்டுக் கிடக்கிறது, லைசன்ஸ் எடுத்தாவது வீட்டில் ஒரு துவக்கு வைத்திருக்க வேணும் என்று. மகள் சிரித்தாள். "வாப்பாட கையில துவக்கக் குடுத்தா கோழியக் கூட வெரட்ட மாட்டார்" என்றாள். நானும் சிரித்தேன். உங்கள் உம்மா சிரிக்கவில்லை. பீங்கான்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அது ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க மாட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நான் எட்டாம் வகுப்போடு தறிக்கு வந்தவன், எழுத்திலும் பிழை இருக்கும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நம் வீட்டில் ஒரு துவக்கு இருந்தது. ஐந்தாறு வருடம் இருந்தது.

சுனாமியில் கடல் வருவதற்கு முந்திய வருடம், ஒரு நாள் பின்னேரம் அஸர் நேரம், ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் தறி வீட்டுக்குள் வந்தார்கள். நான் நெய்துகொண்டிருந்தேன். குழித்தறியில் இருப்பவன் சட்டென்று எழும்ப முடியாது. கால் இரண்டும் குழிக்குள் மிதியில் இருக்கும். நெற்றியில் துவக்கை வைத்துக்கொண்டு உம்மாவின் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றச் சொன்னார்கள். போகும்போது ஒருவன் மகளைப் பார்த்தான். அவளுக்கு அப்போது ஒரு வயதும் ஆகவில்லை. "அடுத்த முற வந்தா இதக் கொண்டு போவம்" என்றான். நான் பொலிஸுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒரு கைத்துவக்கு வாங்கினேன். களவாகத்தான். யாரிடம் என்று எழுதமாட்டேன். சுடும் விதத்தை அவர் வாயால்தான் சொல்லித் தந்தார். சத்தம் கேட்கும் என்று ஒரு தடவை கூட நான் சுட்டுப் பார்த்ததில்லை.

மற்றவர்கள் துவக்கை வெளியே போகும்போது எடுத்துப் போவார்கள். எனக்கு அது மறுபக்கமாக இருந்தது. ரோட்டில் சோதனைச் சாவடி. கையை உயர்த்திக்கொண்டு நின்றால் இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள். ஆகையால் வெளியே போகும்போது பொலித்தீனில் சுற்றி, தறிக்குழிக்குள் மிதிகளுக்குப் பின்னால் நான் குடைந்திருந்த பொந்தில் வைத்துவிட்டுப் போவேன். வீட்டுக்கு வந்ததும் எடுத்துச் சாரத்து வாருக்குள் சொருகிக்கொள்வேன். சாப்பிடும்போதும் இடுப்பில், நெய்யும்போதும் இடுப்பில். தொழும்போது மட்டும் கழற்றிப் பாயின் ஓரத்தில் வைப்பேன். சுஜூதில் நெற்றியை வைத்தால் ஒரு சாண் தள்ளி அது கிடக்கும்.

ஒரு முறை மின்சார மீட்டர் பார்க்க வந்த மனிதருக்காகக் கதவுக்குப் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இலக்கத்தை எழுதிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். உம்மா கொடுத்தார். அவர் போன பிறகு உம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "புள்ளய வெக்கிற இடுப்பில இரும்ப வெச்சிக்கிட்டு நிக்கிறீங்க. புள்ள உங்களுக்கிட்ட வருதா எண்டு பாருங்க."

மெய்தான். மகள் என்னிடம் வரமாட்டாள். தூக்கினால் அது அவள் தொடையில் இடிக்கும், அழுவாள். அவளுடைய முக்கால்வாசி நேரமும் சாச்சியிடம்தான்.

சாச்சியை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அடுத்த வளவு வீட்டில் இருந்த சாச்சாவை ஞாபகம் இருக்கும். கடல் தொழில் செய்கிறவர். சொந்தம் இல்லை, பழக்கத்தில் நானும் அவரும் மச்சான் மச்சான் என்று கதைத்துக்கொள்வோம். அவருடைய மனைவிதான் சாச்சி. நம்முடைய இரண்டாவது தறியில் நெய்தவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு கையால் மகளை இடுப்பில் பிடித்துக்கொண்டே மறு கையால் அறுந்த நூலை முடிச்சுப் போடுவார். "காக்கா, இவவ எனக்கே தாங்க, உங்களுக்கு மகன் இரிக்கான்தானே" என்று அண்ணன் முறை வைத்து என்னைச் சீண்டுவார்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்பில் இருந்தேன். மெயின் ரோட்டுக்கு மேற்கே ஒரு வாத்தியார் வீட்டுக்கு நான் நெய்த சாரம் கொடுக்கப் போயிருந்தேன். துவக்கு குழிக்குள் இருந்தது. சாச்சா மீன் விற்கக் கல்முனைக்குப் போயிருந்தார். ஆட்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் அவர்களுக்கு எதிராக ஓடினேன். பொழுது சாயும் நேரம்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் உங்கள் மூன்று பேரையும் கண்டேன். உம்மா சொன்னார்:

"அவதான் புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. மெயின் ரோட்டில வெச்சி என்னட்டத் தந்தா. பின்னால வந்துக்கிட்டுதான் இரிந்தா. மறுகா நான் கிறுகித் திரும்பிப் பாக்கல்ல."

மகள், அந்தப் பிள்ளை நீ.

சாச்சி மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரவில்லை. சாச்சாவைத் தேடித் திரும்பிப் போயிருப்பா என்று ஊரில் சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் நான் வீட்டைப் பார்க்கப் போனேன். வீடு நின்ற இடத்தில் அரைச் சுவர் நின்றது. தறி வீடு இருந்த இடத்தில் தகரமும் கல்லும் ஈர மண்ணும் ஒரே குவியல். அந்தக் குவியலின் அடியில் என்னுடைய பொலித்தீன் பொட்டலம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். நம் ஊர்ப் பொடியன்மாரும் பாண்டிருப்பு ஆட்களும் கலந்து இருந்தார்கள். அவர்கள் ஊரிலும் மையித்துகள் அடக்கக் கிடந்தன. இருந்தும் அந்த வாத்தியார் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்திருந்தார். கூடவே சீருடை போட்ட இரண்டு பேர்.

"இதுக்குள்ள ஆரும் இருந்தவங்களா?" என்று வாத்தியார் கேட்டார்.

"இல்ல சேர். நான் பாத்திட்டன்."

"எப்பிடியப்பா பாத்த? தகரம் கூட அசையல்ல."

"எங்கட ஆக்கள் எல்லாரும் தப்பிட்டாங்க, சேர். இஞ்ச வேணாம். சுவர் விழும். அங்கால போங்க, அங்கால ஆக்கள் இரிக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சரி, வீட்டுக்காரன் சொல்றான்" என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர்கள் தோண்டியதில் மூன்று பேர் கிடைத்தார்கள். அதனால் நான் சொன்னது சரி என்றுகூட எனக்குப் பட்டது. சீருடைக்காரர் முன்னால் அது வெளியே வந்தால் என்னைக் கொண்டுபோய்விடுவார்கள், அகதியாய் நிற்கும் உங்களுக்கு வாப்பாவும் இல்லாமல் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாச்சி உம்மாவுக்குப் பின்னால் ஓடி வந்தவர்தானே, இங்கே எப்படி இருப்பார் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய் இல்லை. ஆனால் பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னது பொய்.

மூன்றாம் நாள் சாச்சாவே வந்து கேட்டார். சாப்பிட்டிருக்கவில்லை, உதடு வெடித்திருந்தது.

"மச்சான், உன்ட தறி வீட்டையும் ஒருக்காக் கிளறிப் பாப்பமா?"

"பாத்திட்டன் மச்சான். அங்க ஒண்டுமில்ல."

"அப்ப அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போறன். அங்க கொஞ்சப் பேரக் கொண்டு போனதாம்."

அவர் வெறுங்காலோடு போனார். நான் போக விட்டேன்.

நாலாம் நாள் சுபஹு தொழுது, நிலம் வெளித்ததும், ஆட்கள் வருவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று நான் தனியாகப் போனேன். தகரத்தைப் புரட்டி, கல்லை உருட்டி, கையாலேயே மண்ணை அள்ளினேன். அங்கே சாச்சி இருந்தார். குழிக்குள் கால் இரண்டும், மேலே சரிந்த மரச்சட்டத்துக்குக் கீழே உடம்பு. மெயின் ரோட்டிலிருந்து ஏன் இங்கே திரும்பி வந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முகத்தைப் பற்றி எழுதமாட்டேன். நாலு நாள்.

இனி எழுதப்போவதை உங்கள் உம்மாவும் அறியமாட்டார். நான் உடனே ஆட்களைக் கூப்பிடவில்லை. பொந்து சாச்சிக்குப் பின்னால் இருந்தது. சாச்சியின் தோளைத் தாண்டிக் கையை விட்டு, மண்ணைக் குடைந்து, பொட்டலத்தை எடுத்தேன். அதைக் கொண்டுபோய் ஒரு தாழம் பற்றைக்குள் புதைத்தேன். கையைக் கழுவினேன். திரும்பி வந்து நின்றுகொண்டு, அதன் பிறகுதான் கூப்பிட்டேன்.

சாச்சா மத்தியானம் வந்து சேர்ந்தார். பெண்கள் குளிப்பாட்டத் தண்ணீரும் கபன் துணியும் எடுத்து வந்து, பார்த்துவிட்டு, அப்படியே நின்றார்கள். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் ஒருவர், "இதக் குளிப்பாட்ட ஏலாது" என்றார். பொலித்தீனில் சுற்றினார்கள். "முகத்த ஒருக்காக் காட்டுங்க" என்று சாச்சா கேட்டார். "வேணாம் தம்பி. நல்லா இருந்த முகத்த நெனச்சிக்க" என்றார் மரைக்கார். மையவாடியில் வெட்டியிருந்த நீளக் குழியில் மற்ற மையித்துகளோடு வைத்தார்கள். நான் அங்கே போகவில்லை. வயிற்று வருத்தம் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தேன்.

அடுத்த நாள் சாச்சா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ விடாமத் தேடினாய் மச்சான். நீ இல்லாட்டி அவ மண்ணுக்குள்ளயே கிடந்திருப்பா" என்றார். நான் கையை இழுக்கவில்லை.

அதிலிருந்துதான் அவர் நமக்கு மீன் கொண்டு வரத் தொடங்கினார். கொட்டில் வீட்டில் இருந்தபோதும் கொண்டு வந்தார், கல்வீடு கட்டிய பிறகும் கொண்டு வந்தார். நல்ல பாரை கிடைத்தால் முதலில் நம் வீட்டுக்குத்தான். நீங்கள் ஓடிப்போய் வாங்குவீர்கள். நான் உள்ளே இருப்பேன், துவக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஓம், பற்றைக்குள்ளிருந்து அதை நான் திரும்ப எடுத்துவிட்டேன். உப்புத் தண்ணீர் ஏறித் துருப்பிடித்திருந்தது. வெடிக்காது என்று எனக்கே தெரியும். இருந்தும் நாட்டில் சண்டை முடியும் மட்டும் அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த விலை கொடுத்து எடுத்த சாமானை எப்படி எறிவது என்று இருந்தேனோ, தெரியாது.

சண்டை முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவில் அறிவித்தார்கள்: களவாக வைத்திருக்கும் ஆயுதங்களைப் பள்ளிவாசலில் கொண்டு வந்து போடலாம், பெயர் கேட்கமாட்டோம் என்று. நான் ஒரு உரப் பையில் போட்டு எடுத்துப் போனேன். அங்கே இருந்தவர் அதே மரைக்கார். பைக்குள் பார்த்தார்.

"இதென்ன தம்பி, ஆத்துக்குள்ள கிடந்து எடுத்த மாதிரி. இது வெடிக்குமா?"

"தெரியா."

"ஆரயும் சுட்டிருக்கியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வெச்சிருந்த?"

அவர் பெயர் கேட்காமல் என்னைப் போக விட்டார். இடுப்பு லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே கடற்கரைக்குப் போனேன். சாச்சா தோணி நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன்; பொந்து, வாத்தியார், அம்பாறைக்கு அவரைப் போக விட்டது, தோளைத் தாண்டிக் கையை விட்டது, இப்போது அதைக் கொடுத்துவிட்டு வந்தது வரை. அவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"பொடியன்மார் தோண்ட வந்தது எத்தினாம் நாள்?"

"மறுநாள்."

"மறுநாளெண்டா குளிப்பாட்டியிருக்கலாம்."

"ஓம்."

"முகத்தப் பாத்திருக்கலாம்."

"ஓம், மச்சான். நீ என்ன வேணுமெண்டாலும் செய். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

அவர் என் இடுப்பைப் பார்த்தார். "நான் என்னத்தச் செய்ய? அதையும் குடுத்திட்டுத்தானே வந்திரிக்காய்" என்றார். வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இவ்வளவு காலமும் நான் உனக்கு மீன் தந்திரிக்கன்" என்றார். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டார். "சரி, போ. வெயில்ல நிக்காத."

அதற்குப் பிறகு அவர் நம் வாசலுக்கு வரவில்லை. சாச்சா ஏன் வாறதில்லை என்று நீங்கள் கேட்டபோது, கடலில் மீன் இல்லை என்று சொன்னேன். உங்களுக்கு நான் சொன்ன பொய் அதுதான். மகன், லைசன்ஸ் எடுப்பதை நான் தடுக்கமாட்டேன். அது சட்டப்படியான துவக்கு, எனது களவுத் துவக்கு, இரண்டும் ஒன்றில்லை என்று நீ சொல்வாய். சரி. ஆனால் என் மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற நான் அதை வாங்கினேன், கடைசியில் அதைக் காப்பாற்றிக்கொண்டு நான் நின்றேன். எந்த நாள் அது மாறியது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதை மட்டும் யோசித்துவிட்டு எடு.

அன்றைக்குக் கடற்கரையிலிருந்து மையவாடிக்குப் போனேன். வேறு ஒருவரும் இல்லை. சாச்சியை வைத்த நீளக் குழி மண் இறங்கிப் புல் பிடித்திருந்தது. அடக்கிய அன்று நான் வராததால், அதில் எந்த இடம் சாச்சி என்று எனக்குத் தெரியவில்லை. சாச்சாவிடம் போய்க் கேட்கவும் முடியாது. கிணற்றடியில் ஒரு வாளி இருந்தது. தண்ணீர் அள்ளி வந்து, ஒரு முனையிலிருந்து ஸலாம் சொல்லி ஊற்றிக்கொண்டே நடந்தேன். கால்வாசித் தூரம் போவதற்குள் வாளி முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் காலால் ஒரு கோடு கீறிவிட்டு, திரும்பக் கிணற்றடிக்குப் போனேன்.