தீப்பெட்டிக்குள் மாத்திரை

போன வெள்ளிக்கிழமை என் அப்பா பிழைத்தார். பிழைக்க வைத்தது நானில்லை. டாக்டர்கூட அப்புறம்தான். பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய்!

கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன் — தீப்பெட்டித் தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் ஊரில் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது. கிராம்பு, குண்டூசி, சட்டைப் பட்டன்... எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கும். அப்பாவோ தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்து ஓய்ந்தவர். சும்மா இருப்பாரா? மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பிரஷருக்கு ஒரு பெட்டி, சர்க்கரைக்கு ஒரு பெட்டி என்று போட்டு வைப்பார். இரண்டு பெட்டியிலும் ஒரே கிளிப்படம். இரண்டு மாத்திரையும் வெள்ளை, குட்டி.

அன்று அமாவாசை, அப்பாவுக்கு விரதம். நான் ஆபீசில், மனைவி ரேஷன் கடை வரிசையில். மதியம் வேலையிலிருந்து தன் வீட்டுக்கு வந்த சண்முகத்தாய், வழக்கம்போல எங்கள் ஜன்னல் வழியாக, "மாமா, சாப்ட்டீயளா?" என்று கேட்டிருக்கிறாள். பதில் குளறலாக வந்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா வேர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்திருக்கிறார்.

நானாக இருந்தால் வெயில் மயக்கம் என்று விசிறியைத் தேடியிருப்பேன். அவள் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு; சர்க்கரை ரொம்ப இறங்கினால் இப்படித்தான் வேர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து, "மெதுவாக் குடிங்க மாமா" என்று மடக்கு மடக்காகக் கொடுத்துவிட்டு, எனக்கு ஆளனுப்பினாள். வாடகைக் காரில் அப்பாவை டாக்டரிடம் கொண்டுபோனோம்.

"கருப்பட்டித் தண்ணி குடுத்தது யாரு? நல்ல காரியம் செஞ்சாங்க" என்ற டாக்டர், மாத்திரைகளைக் கேட்டார். இரண்டு தீப்பெட்டிகளை மேஜைமேல் வைத்தேன். திறந்து பார்த்தால்... இரண்டிலும் சர்க்கரை மாத்திரை! புதிதாக வாங்கியதை, காலியாக இருந்த பிரஷர் பெட்டியில் அப்பா கொட்டியிருக்கிறார். பிரஷருக்கு என்று நினைத்து இன்னொரு சர்க்கரை மாத்திரை — அதுவும் விரத வயிற்றில்.

"கடையில தந்த அட்டையிலயே இருக்கட்டும். பேரைப் பாத்துட்டுப் போடணும். விரதம்னா முன்னாலயே எங்கிட்டக் கேளுங்க" என்றார் டாக்டர்.

அப்பாவுக்கு ரோஷம். "தீப்பெட்டியில போட்டா நமத்துப் போவாதுலே!" என்று திரும்பும் வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தார். அந்த முனகல் எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

சண்முகத்தாய்க்கு நன்றி சொல்லப் போனேன். "என்ன அண்ணாச்சி, அசலாருகிட்டப் பேசுத மாதிரிப் பேசுதீங்க? இனிமே நானும் ஒரு கண்ணு பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இந்த வாரம் முழுக்க, வேலைக்குப் போகிற வழியில் அவள் எங்கள் ஜன்னலில் நிற்கிறாள். "மாமா, அட்டையைக் காட்டுங்க பாப்பம்." அப்பா சமர்த்தாகக் காட்டுகிறார். அதையே நான் கேட்டால்? "நீ யாருலே என்னைக் கேக்க?"

திட்டட்டும். திட்டுவதற்கு அப்பா இருக்கிறாரே!