முதல்வர் மடலில் நான் சேர்த்த வரி

போன வாரம் தம்பி மகள் என் போனுக்கு ஒன்றை அனுப்பியிருந்தாள். அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மாதாமாதம் எல்லோருக்கும் எழுதும் கடிதமாம். பளபளவென்று எட்டுப் பக்கம். புது ஆய்வுக்கூடம், பசுமை வளாக விருது, ரத்ததான முகாம், வெளிநாட்டுக் கல்லூரியோடு ஒப்பந்தம், பக்கத்துக்குப் பக்கம் பூங்கொத்தும் சிரிப்பும். கீழே, "அத்தே, நீங்க வேல பாத்த காலேஜ்தானுங்களே இது, எப்புடி வளந்துருச்சு பாருங்க" என்று ஒரு குறிப்பு.

பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் ஒரு செய்தி இருந்தது. பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்களுக்குத் தனியாக வகுப்பு நேரம், அந்த வேலைக்கும் மதிப்பெண், இது நாட்டுக்கே முன்மாதிரி என்று துணைவேந்தர் பெருமைப்பட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கோபம் வந்தால் தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் காலத்தில் கல்லூரி முதல்வர் மாதாமாதம் அனுப்பிய மடலுக்கு ஒரு வாசனை உண்டு. பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் டைப் தப்பாக அடித்துவிட்டால் அதை அழிக்க ரோஸ் நிறத்தில் ஒரு திரவம் வரும், நகப்பூச்சு வாசமடிக்கும். நான் அதைத் தாராளமாகச் செலவழிப்பேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்று பெயர்தானே தவிர, என் விரல்களுக்கு ஒற்றெழுத்தைக் கண்டால் ஆகாது. பக்கத்துக்குப் பத்துப் பிழை அடித்து, ரோஸ் பூசி, ஊதிக் காயவைத்து, மேலே மறுபடி அடித்து, மாதத்தில் ஒரு நாள் முழுக்க அந்த வாசனையிலேயே தலை கிறுகிறுத்துக் கிடப்பேன். கையில் ஒட்டிய மையைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை மூலையில் கிடக்கும். திருப்பூரில் எதைத் துடைக்கவும் பனியன் வேஸ்ட்தான். குழந்தை மூக்கிலிருந்து லாரி இஞ்சின் வரை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பல்கலைக்கழகமெல்லாம் அப்போது ஏது? பல்லடம் ரோட்டில், அருள்புரம் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில் சிமெண்ட் ஷீட் போட்ட ஆறு வகுப்பறைகள், ஒரு ஆபீஸ் ரூம், ஒரு சைக்கிள் ஸ்டாண்ட். காற்று தெற்கே இருந்து அடித்தால் கோழிப்பண்ணை நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் முதல்வர் மடலில் நாங்கள் அதை 'இயற்கை எழில் கொஞ்சும் வளாகம்' என்றுதான் போடுவோம்.

மடலில் எழுதுவது அவர், அடிப்பது நான் என்று பெயர். உண்மையில் அவர் எங்கே எழுதினார்? கல்லூரிக்குப் புரவலர் தேடிக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். துண்டுச் சீட்டில் நான்கு குறிப்பு கிறுக்கிக் கொடுத்துவிட்டு, வெறும் ஸ்டென்சில் தாளின் அடியில் முன்கூட்டியே கையெழுத்தையும் கீறிக் கொடுத்துவிடுவார். "மீதிய நீங்க பாத்துப் போட்டுக்குங்க அம்மணி." கபடி அணி வெற்றி, கண் சிகிச்சை முகாம், புரவலர் வீட்டுக் கல்யாணம் என்று நான் அளந்துவிடுவேன். முன்னூறு பிரதி. புரவலர்களுக்கு, பெற்றோருக்கு, பக்கத்துக் கல்லூரிகளுக்கு, எங்கள் கல்லூரி இணைந்திருந்த பல்கலைக்கழகத்தின் அலுவலகத்துக்கு. யாராவது படித்தார்களா என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. ஒரே ஒருமுறை ஒரு புரவலரின் இனிஷியலை மாற்றிப் போட்டுவிட்டேன், மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. ஆக, தங்கள் பெயரை மட்டும் படித்திருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. ஏற்றுமதி ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் ஊரே பனியன் கம்பெனிக்குள் போய்விடும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் செக்கிங்கிலும், தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியிலும், பேக்கிங்கிலும் நிற்பார்கள். வகுப்பில் பெஞ்சுகள்தான் பாடம் கேட்கும். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. முதல்வர் விவசாயக் குடும்பத்துக்காரர், தம்பி பனியன் கம்பெனி வைத்திருந்தார், அவருக்கு ஊர் நிலவரம் தெரியும். அதனால் வராத பிள்ளைகளையெல்லாம் 'சமூக சேவை முகாம்' என்று ஒரு பதிவேட்டில் போட்டு, வந்ததாகக் கணக்குக் காட்டி, அவரே கையெழுத்துப் போடுவார். பதிவேட்டின்படி பார்த்தால் எங்கள் பிள்ளைகள் சேவை செய்யாத கிராமமே கோவை மாவட்டத்தில் இருந்திருக்காது. தப்புதான். ஆனால் அந்தத் தப்பில் எத்தனையோ வீட்டில் முதல் பட்டதாரி வந்தார்கள். அதற்காக அவரைக் கும்பிடுவேன். இப்போதும்.

ஸ்டெல்லா பி.காம். மூன்றாம் வருடம். அப்பா தோட்ட வேலைக்குப் போனவர், படுத்த படுக்கையாகிவிட்டார். அம்மாவும் இவளும் ஒரே கம்பெனியில் செக்கிங். சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரியும். கல்லூரிக்கு வரும் நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மற்றவர்களுடைய நோட்டைப் பார்த்து எழுதுவாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். எடுத்துவிடுவேன். "விடுங்க்கா, நாளைக்கு மறுபடியும் ஒட்டத்தான போகுது" என்பாள். டிகிரி வாங்கி, மேலே படித்து, காலேஜ் வாத்தியாராக வேண்டும் அவளுக்கு. "ஒக்காந்து பாக்கற வேல ஒண்ணு வேணுமுங்க்கா. கால் ரெண்டும் எனக்கு இருக்குதான்னே தெரியல." நாள் முழுக்க நின்றபடியே துணியில் ஓட்டை தேடும் வேலை அவளுடையது.

பரீட்சை முடிவு வந்தது. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ரேங்க். எங்கள் கல்லூரிக்கு ரேங்க் என்பதே அதுதான் முதல் தடவை. அவள் கம்பெனியிலிருந்து ஓடி வந்தாள், கழுத்தில் நூல் வெட்டும் கத்தரி தொங்கியபடியே. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அட்டெண்டர் கடலை மிட்டாய் வாங்கி வந்தார்.

அந்த மாத மடல். முதல்வர் சீட்டில் ஒரே வரி எழுதியிருந்தார், மாணவி ஸ்டெல்லா, பி.காம்., மூன்றாம் ரேங்க் என்று. எனக்கு அது போதவில்லை. கபடிக்கும் கல்யாணத்துக்கும் அரைப் பக்கம் எழுதுகிறவள், இந்தப் பிள்ளைக்கு ஒரு வரியா? கை துறுதுறுத்தது. நான் சேர்த்தேன்: 'காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, மாதக்கணக்கில் வகுப்புக்கே வர இயலாத நிலையிலும் இச்சாதனையைப் படைத்தார்.' அடித்து முடித்து இரண்டு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கீழே முதல்வர் கையெழுத்து ஏற்கெனவே தயாராக இருந்தது.

அறிவு கெட்டவள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட அதை எழுதாது. வகுப்புக்கு வராத பெண்ணுக்கு வருகை எங்கிருந்து வந்தது என்று எவனும் கேட்பானே என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

வேறொரு கல்லூரியில் நான்காம் ரேங்க் வாங்கிய பையனின் அப்பா படித்துவிட்டார். புகார் போனது. பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் வந்து சேவை முகாம் பதிவேட்டைக் கேட்டார்கள், மடலையும் கேட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கல்லூரி எழுத்தில் விளக்கம் தரட்டும் என்று சொல்லிப் போனார்கள்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "கதவச் சாத்திப்போட்டு உக்காருங்க அம்மணி." விளக்கத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாணவி ஸ்டெல்லா முகாம்களில் கலந்துகொண்டதாகப் பொய்த் தகவல் தந்து கல்லூரியை ஏமாற்றியிருக்கிறார். கல்லூரிக்கு இதில் பங்கில்லை.

"சார், அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லலீங்களே. நாமதானுங்க போட்டோம்."

"தெரியுமுங்க. அங்கீகாரம் போச்சுன்னா நானூறு புள்ளைக தெருவுல நிக்குமுங்க. ஒரு புள்ளையா, நானூறு புள்ளையா? நீங்களே சொல்லுங்க." மடலை என் பக்கம் நகர்த்தினார். "அந்த வரிய யாரு சேத்துனதுன்னு நான் இது வரைக்கும் கேக்கவே இல்ல பாருங்க."

எங்கள் ஊர் மரியாதை அது. ஒரு 'ங்க' குறையாது. கழுத்தை அறுத்தாலும் கத்தி கூராக இருக்குதுங்களா என்று விசாரித்துவிட்டுத்தான் அறுப்பார்கள்.

எனக்கு வேலை வேண்டும். தம்பி பாலிடெக்னிக் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, அப்போது என் தலைக்குள் ஓடியது இதுதான் என்று சொல்கிறேன். என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து அடித்தேன். என் ஆயுளில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் நான் அடித்த கடிதம் அது ஒன்றுதான்.

மடல் பிரதிகளைத் திரும்ப வாங்கச் சொன்னார். நானும் அட்டெண்டரும் டி.வி.எஸ். வண்டியில் கம்பெனி கம்பெனியாகப் போனோம். பல கவர்கள் ஒட்டியது ஒட்டியபடியே கிடைத்தன, யாரும் பிரித்தே பார்த்திருக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குவித்து எரித்தோம்.

ஸ்டெல்லாவின் மூன்றாம் வருடம் ரத்தானது. வேண்டுமானால் ஒரு வருடம் முழுக்க வகுப்புக்கு வந்து மறுபடி எழுதலாம் என்று உத்தரவு. ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் அந்த வீடு எப்படி நகரும்? உத்தரவோடு அவள் என் மேசைக்கு வந்தாள். "நான் யாருகிட்டயும் பொய் சொல்லலீங்க்கா. முகாம்னு போட்டது காலேஜுதானுங்க? நீங்க சார்கிட்ட சொல்லுங்க்கா." சொல்றேன் கண்ணு என்றேன். சொல்லவில்லை. அவளும் அதற்கப்புறம் வரவில்லை.

ஆறேழு வருடம் கழித்துத் திருப்பூர்க் காதர்பேட்டையில் ஒரு பனியன் மொத்தக் கடையில் அவளைப் பார்த்தேன். வடக்கத்தி வியாபாரி ஒருவரிடம் இந்தியில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டேதான். என்னைக் கண்டதும், "அக்கா!" என்று கத்தி, ஸ்டூல் இழுத்துப் போட்டு, டீ சொன்னாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. டீ வந்துவிட்டது.

"அந்த மாசத்து மடல் ஒண்ணு கெடைக்குமுங்களா அக்கா? ரேங்க் வாங்குனேன்னு சொன்னா ஊட்டுல சிரிக்கறாங்க. என்ற புள்ள பெருசானா காட்டோணும். அந்த வரி நீங்க எழுதுனதுதான? சார் அப்புடியெல்லாம் எழுத மாட்டாருங்க. எனக்குன்னு ஒருத்தரு எழுதுனது அது ஒண்ணுதானுங்க்கா."

"எங்க வெச்சேன்னு தெரியல கண்ணு. தேடிப் பாக்கறேன்."

"அப்புறமா என்னயப் பொய்க்காரின்னு எவளோ ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்திருக்கா. அந்தக் கை வெளங்காதுங்க்கா. நீங்க இருந்திருந்தா அடிச்சிருப்பீங்களா? லீவுல இருந்தீங்களா அப்ப?"

"ஆமா கண்ணு," என்றேன். "லீவுலதான் இருந்தேன்."

டீக்குக் காசு கொடுக்க அவள் விடவில்லை.

முதல்வர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பெயரில் ஒரு கலையரங்கம் இருக்கிறது. ஷீட் வகுப்பறைகளை இடித்து ஏழு மாடி எழுப்பிவிட்டார்கள். நேற்று காதர்பேட்டைக்குப் போய் அந்தக் கடையைத் தேடினேன். அந்த இடத்தில் வேறு கடை, வேறு ஆட்கள். ஸ்டெல்லா என்று நாலைந்து பேரிடம் கேட்டேன். உயரமா இருப்பாங்க, நல்லா இந்தி பேசுவாங்க என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த லெட்டரை நான்தான் அடித்தேன் என்று சொல்லத்தான் போனேன்.