ஏற்றத்தில் இருமிய மோட்டார் சைக்கிள்

என் அண்ணனுக்கு என்னைவிடப் பிடிக்காதது ஒன்று உண்டென்றால் அது அப்பாவின் மோட்டார் சைக்கிள்தான். இரண்டு சிலிண்டர், பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காபரேற்றர், என்னைவிட வயதில் மூத்தது. அப்பா அதில்தான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் வந்தார். அவர் இறந்த பிறகு அது எங்கள் இருவருக்கும் பொது. அண்ணன் அதை உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஓடுவதற்கு அல்ல. வாசலில் நிறுத்தி, சீற்றில் பூச்சட்டி வைத்து, வெள்ளைக்காரர் பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்கு. அதைக் கொடுக்க விடமாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"ஓடாத சைக்கிளை வைச்சு என்ன செய்யப் போறாய்?"

"ஓடும்."

"கோயில் ஏத்தம் ஏறட்டும், பாப்பம். வெள்ளிக்கிழமை அவர் லொறியோடை வருவார். என்னைப் பின்னாலை வைச்சு ஏறினாயெண்டால் சைக்கிள் உனக்கு. இல்லாட்டி வாயைப் பொத்திக்கொண்டு இரு."

ஓம் என்றேன். அண்ணனின் தொந்தியையும் யோசித்துத்தான் சொன்னேன்.

வாசலில் நிறுத்தி ஓடவிட்டால் அந்தச் சைக்கிள் தங்கமான பிள்ளை. கடற்கரை வீதியில் மெதுவாகப் போனாலும் குறை சொல்ல முடியாது. கோட்டைக்குள் நுழைந்து, கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் கையை முழுக்க முறுக்கினால் இடது பக்கம் இருமத் தொடங்கும், பிறகு செத்துவிடும். அங்கே படுத்திருக்கும் மான்கள் எழும்பக்கூட மாட்டா, தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். வலது பிளக் பிஸ்கட் நிறம், இடது பிளக் சுண்ணாம்பு வெள்ளை. அந்தப் பக்கத்துக்குப் பெற்றோல் காணாது என்று அர்த்தம். காற்றுத் திருகைத் திருப்பினேன், பெற்றோல் கூட வரட்டும் என்று காபரேற்றர் ஊசியை உயர்த்தினேன், காற்று இழுக்கிறதோ என்று இணைப்பு ரப்பரையும் மாற்றினேன். இருமல் நிற்கவில்லை.

அண்ணன் விறாந்தையில் இருந்து தண்ணீர்ப் பம்புகளுக்குச் சுருள் சுற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் தொழில். "நோண்டு, நோண்டு. நீ நோண்டித்தான் இந்த நிலைக்கு வந்தது," என்பார். பெற்றோல் தட்டுப்பாட்டில் ஊரே வரிசையில் நின்ற காலம் முழுக்க நான் கிளிவெட்டியில் தங்கிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை ஓட்டியவர் அவர். நோண்டியது நானாம். ஸ்பனரால் எறியலாம் போலிருந்தது.

ஒன்றை மட்டும் நான் திறக்கவில்லை. காபரேற்றரின் அடியில் பெற்றோல் நிற்கும் கிண்ணம். முழுக்க முறுக்கும்போது பெற்றோல் ஏறும் பெரிய ஜெற், ஊசித்துளை போட்ட பித்தளைத் துண்டு, அதற்குள்தான் இருக்கிறது. அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார்: "கிண்ணம் ரெண்டையும் நானே கழுவி மூடினனான். திறந்தாயெண்டால் வாசர் கிழியும். பிறகு எங்கை தேடியும் எடுக்க ஏலாது." கிண்ணம் ஒழுகாமல் அடைக்கும் அந்த வாசர் இவ்வளவு பழைய சைக்கிளுக்குக் கிடைக்காது என்பது உண்மைதான். அதை நம்பிய வாக்கில் மற்றதையும் நம்பிவிட்டேன்.

வியாழன் பின்னேரம் வேறு வழியில்லாமல், துளை கொஞ்சம் பெரிதான ஜெற் ஒன்றைக் கிண்ணியாவில் தேடி வாங்கி வந்து, இடது கிண்ணத்தைத் திறந்தேன். வாசர் கிழியவில்லை. ஜெற்றின் துளைக்குள் தலைமயிர்த் தடிப்பில் ஒரு கம்பி, விளிம்பில் கொக்கியாக மடித்து விடப்பட்டிருந்தது. துளையை ஒடுக்கினால் பெற்றோல் மிச்சம் என்று வரிசைக் காலத்தில் ஊரில் பலர் செய்த கெட்டித்தனம் இது. வலது பக்கத்துக்குப் போடாதது சோம்பலால் இருக்க வேண்டும். கம்பி அரக்குப் பூசிய செம்பு, பம்பு சுற்றும் கம்பி. எங்கள் வீட்டில் கூட்டும்போதெல்லாம் அகப்படும், சோற்றுக்குள்ளும் வந்திருக்கிறது.

அப்போதே போய்க் கத்தியிருக்கலாம். ஆனால் கம்பியை உருவி எடுத்துக் கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டு, ஊசியைப் பழைய இடத்துக்கு இறக்கி, எல்லாவற்றையும் பூட்டினேன். புது ஜெற் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லொறி கோட்டை வாசலில் வந்து நின்றது. அண்ணன் ஹோட்டல்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சைக்கிளில் எனக்குப் பின்னால் ஏறினார். ஏற்றம் தொடங்கியதும் கையை முழுக்க முறுக்கினேன். சைக்கிள் ஒரு தடவைகூட இருமவில்லை. பாதி வழியில் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மேலே இறங்கியதும் கம்பியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது உங்கடை சாமான்."

அவர் அதைப் பார்த்தபடி நின்றார். "கியூ காலத்திலை போட்டது. மறந்து போனன்."

"மறந்தனீங்கள் எண்டால், ஏன் கிண்ணத்தைத் திறக்காதை எண்டனீங்கள்?"

அவர் கம்பியைச் சட்டைப்பைக்குள் போட்டார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தனியாக இறங்கினேன். கோட்டை வாசலில் ஹோட்டல்காரர் லொறியின் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"சைக்கிள் வராது," என்றேன். "வாசலிலை நிப்பாட்ட ஏதும் வேணுமெண்டால் மேலை ஒராள் நிக்கிறார். ஏத்திக்கொண்டு போங்கோ."