மூன்றாம் தடுப்புக் குஞ்சுகள்

நாற்பது வயதை நெருங்கும்போதுதான் சிதம்பரத்தில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். கறிக்கோழித் தீவனத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் குஞ்சின் வளர்ச்சியும், ஈரலில் வளர்ச்சிக்கான மரபணுவின் வேலையும் எவ்வளவு மந்தமாகும் என்று பார்ப்பது என் வேலை. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாமல் போவது அந்தச் சத்துதான்.

குஞ்சு வளர்க்கக் கொட்டகை பரங்கிப்பேட்டையில் ஓர் அக்காவிடம் கிடைத்தது. அவருடைய கணவர் துபாயில் இருந்தார். அக்கா இங்கே தனியாகக் கோழி வளர்த்தார். "என் கொட்டாயிலயே வச்சுக்க தங்கச்சி, தீவனம் நான் போடுறேன்" என்றார். குஞ்சுகளைப் பிரித்து விடக் கொட்டகைக்குள் மூன்று தடுப்புகள் கட்டினோம். முதல் தடுப்புக்கு மெத்தியோனின் போதுமான அளவு, இரண்டாவதற்குக் கூடுதல், மூன்றாவதற்குச் சேர்க்கவே இல்லை. தினமும் பஸ் பிடித்துப் போய் எடை போட்டேன்.

இரண்டாவது வாரத்தில் மூன்றாம் தடுப்புக் குஞ்சுகள் இறகு சரியாக முளைக்காமல் சின்னதாக நின்றன. மூன்றாவது வாரத்தில் திடீரென்று எடை ஏறியது. தராசைச் சந்தேகப்பட்டேன். மூட்டை மாறிவிட்டதா என்று பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவற்றின் தீவனத் தட்டைக் கழுவ எடுத்தபோது கருவாட்டு வாடை அடித்தது.

"அக்கா, இதுல என்ன போட்டீங்க?"

"கருவாட்டுத் தூளு, கொஞ்சந்தான். பக்கத்துல இருக்கறதெல்லாம் கொழுகொழுன்னு நிக்கிது, இதுங்க மட்டும் இத்துனூண்டு. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல."

"எத்தன நாளா?"

"ஒரு வாரமா."

கருவாட்டில் மெத்தியோனின் தாராளமாக இருக்கும். அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் திட்ட வாய் வரவில்லை.

"மீதி ரெண்டு தடுப்ப வச்சு எழுதிடுங்க" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர்.

"மூணாவது இல்லன்னா ஆராய்ச்சிக் கேள்வியே இல்ல சார். மொதல்லேருந்து பண்றேன்."

மறுபடி குஞ்சு இறக்கினேன். இந்த முறை நான்கு தடுப்பு. நான்காவதில் இரண்டு வாரம் சத்தில்லாத தீவனம், அதன்பிறகு போதுமான அளவு. "நீங்க பரிதாபப்படறதுக்கும் ஒரு தடுப்பு வச்சிருக்கேங்க்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப மூணாவது?" என்று கேட்டார்.

"அதத் தொடக் கூடாது."

அவர் தொடவில்லை. அதற்குத் தீவனம் போடும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஈரல் எடுக்கும் நாளில் ஒவ்வொரு தடுப்பிலிருந்தும் சில குஞ்சுகளை நானே அறுத்தேன். பரிசோதனைக்கூடத்து முடிவுகள் வந்தபோது மூன்றாம் தடுப்பில் அந்த மரபணுவின் வேலை நன்றாகவே குறைந்திருந்தது. கூடுதலாகக் கொடுத்ததில் தனியாக எந்த லாபமும் இல்லை. நான்காம் தடுப்பில் மரபணு பழையபடி வேலை செய்தது, ஆனால் எடை முதல் தடுப்பை முழுதாக எட்டவில்லை. போனில் அக்காவிடம் சொன்னேன்.

"ஏன் எட்டல?"

"லேட்டா குடுத்துட்டோம் போலருக்குக்கா."

"அந்தச் சத்த ஒரு வாரத்துலயே குடுத்துப் பாரேன், கொட்டாய் காலியாத்தான் கெடக்குது" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை குஞ்சுப் பெட்டிகளோடு பரங்கிப்பேட்டைக்குப் போனேன்.