லீலாபாய் ஏலத்தில் எடுத்த சக்கை

திருவட்டாறு பக்கம் சுபேதார் சத்தியநேசன் வீடு எது என்று கேட்டால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். மிலிட்டரி லீலா வீடு என்று சொல்லிப் பாருங்கள், ஆட்டோக்காரன் மறுபேச்சு பேசாமல் வாசலில் இறக்கிவிடுவான். பட்டாளத்தில் சம்பளம் வாங்கியது என்னவோ அவர்தான். ஆனால் பட்டாளம் போன இடமெல்லாம் அடுப்பு மூட்டியவள் லீலாபாய்.

கல்யாணமான மறுமாசம் கறுப்பு இரும்புப் பெட்டிகளோடு ஜபல்பூருக்கு ரயிலேறினாள். பெட்டிகளின் மேல் வெள்ளைப் பெயின்டில் கணவரின் பதவியும் பெயரும் இருக்கும். பதவி உயர உயர, பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு வந்தார் மனுசன். இன்றைக்கும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சுபேதாருக்கு அடியில் ஹவில்தார் தெரிவார், அவருக்கும் அடியில் நாயக்.

எந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போனாலும் லீலாபாய் முதலில் ஒரு கன்று நட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாள். ஜபல்பூரில் முருங்கை வைத்தாள். அது பூத்த வாரம் பெரோஸ்பூருக்கு மாற்றல். பெரோஸ்பூர் பப்பாளி மஞ்சளடிக்கத் தொடங்கியபோது அம்பாலா. அங்கே எலுமிச்சை, செகந்திராபாத்தில் கொய்யா. வங்காளத்துப் பின்னாகுரியில் ஒரு சக்கை. பலாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இத்தனை மரத்தில் ஒரு மரத்துப் பழமும் அவள் நாக்கில் பட்டதில்லை. பின்னால் குடிவந்தவள் தின்றிருப்பாள் என்று, முகம் தெரியாத எத்தனையோ பெண்களை வருசக்கணக்காக ஏசினாள்.

ஜபல்பூர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பிறந்த மகன் ஷாஜன் ஒருவனாவது வீட்டில் நிற்பான் என்றிருந்தாள். அவனும் மீசை அரும்பியதும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அதையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று ரயிலடியில் நின்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியில் பெயர் கோணலாக எழுதியிருக்கிறது என்று அவனைத் திட்டினாள்.

கணவர் ஓய்வு பெற்று ஊரில் வீடு கட்டியபோது, சுவர் காயும் முன்னே நர்சரியில் சுளை முறுக்காக நிற்கும் நல்ல வரிக்கை என்று சொல்லிக் கொடுத்த சக்கைக் கன்றைக் கிணற்றோரம் நட்டாள். ஜோத்பூரில் இருக்கும் ஷாஜன், கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்லி வருசா வருசம் கூப்பிட்டான். இது காய்த்து ஒரு சுளை தின்னாமல் வளவைவிட்டு அசைய மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இந்த வருசம் காய்த்தது. ஒன்றே ஒன்று, தூரோடு ஒட்டி. லீலாபாய் அதற்குச் சாக்கு கட்டினாள், காலையும் மாலையும் முகர்ந்து பார்த்தாள்.

அப்போதுதான் சபைக் கூட்டத்தில் சத்தியநேசன் எழுந்து, அறுப்பின் பண்டிகைக்குத் தன் வீட்டு மரத்தின் முதல் காய்ப்பைத் தருவதாக நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். முதல் காய்ப்பு ஆலயத்துக்கு என்பது ஊர் வழக்கம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போகும். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பெண்கள் பக்கமிருந்து ஒரு ஸ்தோத்திரம் குறைந்தது.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. பட்டாளத்தோடு சப்பாத்தியைத் தலைமுழுகியவர் சத்தியநேசன். அவருக்குப் பண்டிகை வரை மூன்று வேளையும் சப்பாத்தியும் பருப்பும்தான். மீன் வாசம் பக்கத்து வீட்டிலிருந்து மட்டும் வந்தது.

காணிக்கை கொடுத்ததைக் கொடுத்தவர்களே ஏலம் எடுத்தால் ஊர் சிரிக்கும். அதனால் லீலாபாய் பக்கத்து வீட்டு ஞானசெல்வியைப் பிடித்தாள். யார் என்ன கேட்டாலும் மேலே கேள், காசு நான் தருகிறேன் என்றாள்.

பண்டிகையன்று செயலர் ஜெபிஷ் சக்கையைத் தூக்கி மேசையில் வைத்தார். ஞானசெல்வி கேட்டாள். ஆண்கள் பக்கமிருந்து ஆட்டோ ஓட்டும் லிபின் ஏற்றிக் கேட்டான். இவள் ஏற்ற, அவன் ஏற்ற, சக்கை விலை ஆட்டுக்குட்டி விலையைத் தாண்டிக் கன்றுக்குட்டியை நெருங்கியது. ஞானசெல்வி லீலாபாய் பக்கம் சாய்ந்தாள்.

"மைனி, இதுக்க மேலயும் கேக்கவா?"

"கேளு பிள்ளே. இந்தப் பயலுக்குச் சக்கை பிடிக்கவே பிடிக்காதே, இவனுக்கு எதுக்கு?"

லீலாபாய் எட்டிப் பார்த்தாள். லிபினுக்குப் பின்னால் சத்தியநேசன் உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கைச் சொறிந்தால் லிபின் கை உயர்ந்தது. சப்பாத்தி செய்த வேலை! அவளுக்காக அவர் எடுக்கிறார், அவருக்கு எதிராக அவள் எடுக்கிறாள், நடுவே ஜெபிஷ் ஒரு தரம், இரண்டு தரம் என்று சந்தோசமாகக் கூவுகிறார்.

வெளியூர்களில் இருவருக்கும் ரகசியம் பேசத் தமிழ். ஊருக்கு வந்தபின் மீன்காரி முன்னால் விலை பேச இந்தி. லீலாபாய் எழுந்து நின்று, முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, திருவட்டாறு ராகத்தில் இந்தியை எடுத்துவிட்டாள்.

"பஸ் கரோ ஜி! ஹம் ஹீ லே ரஹே ஹை!"

போதும் நிறுத்துங்க, எடுக்கிறது நாமதான் என்று அர்த்தம். ஒருத்தருக்கும் விளங்கியிருக்காது என்று நிம்மதியாக உட்கார்ந்தாள். அந்தச் சபையில் ஆண்கள் பக்கம் பாதி பேர் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் என்பது அவளுக்கு அந்த நேரம் ஓர்மை வரவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர் விளங்கிக்கொண்டு சிரித்தார். அடுத்தவர் தன் மனைவிக்குத் தமிழில் சொன்னார். பிறகு முற்றமே குலுங்கியது. போதகர் அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியாக ஞானசெல்வி கேட்டது கேட்டதுதான் என்று ஜெபிஷ் மூன்றாம் தரமும் சொல்லி முடித்தார்.

லிபின் ஆட்டோவிலேயே சக்கை வீட்டுக்குத் திரும்பி வந்தது. சத்தியநேசன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டினார். கத்தி இறங்கிய உடனே தெரிந்துவிட்டது. சுளை முறுக்காக நிற்கவில்லை, வழிந்தது. வரிக்கை இல்லை, கூழன். ஜோத்பூரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த ஷாஜன், எப்படி இருக்கிறது என்று கேட்டான். சத்தியநேசன் நர்சரிக்காரனைத் திட்ட வாயெடுத்தார்.

லீலாபாய் சுளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றாள். சாறு முழங்கைக்கு இறங்கியது.

"கூழன்தான் மக்கா," என்றாள் கடைசியில். "ஆனா நமக்க கூழன்."

சத்தியநேசன் மெல்ல ஒரு சுளைக்குக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, தட்டைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"அடுப்பில ராத்திரிக்கு மீன்கறி இருக்கு. நீங்க அதைத் தின்னுங்க."