அமிச்சிகளும் நான் கடலில் போட்ட பார்சலும்

1993ஆம் ஆண்டு தவக்காலத்தில் மூன்று கிழமையாக எனக்குச் சோறு தொண்டையால் இறங்கவில்லை. சிலுவைப்பாதைக்குப் போனால் முழங்காலில் நிற்கவே கூச்சமாக இருக்கும். நோயொன்றும் இல்லை. நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யால், நான் கண்ணாலும் காணாத ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோக இருந்தது. ஆண்டவர் எங்கள் இரண்டு பேரையும் அதிலிருந்து தூக்கிவிட்டதைத்தான் எழுதுகிறேன். சகோதரங்களே, சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நானும் இப்போது சிரிப்பேன், முகத்தைப் பொத்திக்கொண்டு.

நான் மன்னாரைச் சேர்ந்தவள். இத்தாலியிலே பலேர்மோவுக்கு வந்து அப்போது இரண்டு வருடம். கால்சா என்ற பழைய பகுதியில் தனியாக இருந்த ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருப்பதற்கான அந்தப் பேப்பர், அவருடைய கையெழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் என் மகள் சுதா கன்னியாஸ்திரிமாரின் விடுதியில் தங்கிப் படித்தாள். அந்த விடுதி இல்லாவிட்டால் அவளுக்குப் படிப்பே இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு சிஞ்ஞோரா வீட்டுக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். இவர்கள் ஆர் என்று கேட்டால் "அமிச்சி" என்பார். நண்பர்களாம். கதிரைகளை வட்டமாகப் போட்டு இருப்பார்கள். ஒரு மணித்தியாலம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு கைகொடுத்து, கோப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இதை நான் யசிந்தா அக்காவிடம் சொன்னேன். பல்லரோ சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்கிறவர், நகரத்துக் கதை முழுக்க அவரிடம் இருக்கும். அக்கா கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, இஞ்சை அமிச்சி எண்டால் ஆர் எண்டு உனக்குத் தெரியாதே? மாஃபியாக்காரரைத்தான் ஆக்கள் அப்பிடிச் சொல்லுறவை. அவைதான் வாய் திறக்கமாட்டினம்."

முந்திய வருடம்தான் மாஃபியாக்காரர் வைத்த குண்டுகள் வெடித்து நகரமே நடுங்கிப் போயிருந்தது. சிஞ்ஞோராவுக்குப் பொலிவியாவிலிருந்து கடிதங்கள் வருவதையும் நான் சொன்னேன். அக்கா தலையில் கைவைத்தார். பொலிவியாவிலிருந்து இத்தாலிக்கு என்ன வரும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும், போதைத்தூள்தான் என்றார். நானும் பெரிய விளக்கக்காரி மாதிரித் தலையாட்டினேன்.

அடுத்த கிழமை சிஞ்ஞோரா சுகமில்லாத தங்கையைப் பார்க்கக் கப்பலில் நாப்போலிக்குப் போனார். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பொலிவியாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஒரு மூலை கிழிந்து மேசையெல்லாம் வெள்ளைத் தூள். கிழிந்த இடத்தை இன்னும் கிழித்துப் பார்த்தேன். சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளை வெள்ளையாக ஏதோ, கூடவே ஒரு தடித்த கடித உறை. போதைத்தூள்தான், வேறென்ன. குப்பையில் போட்டால் பொலிஸ் கிளறும். மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கிற நேரம் முழுவதையும் சந்தைப் பையில் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தேன். சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கடலில் கொட்டினேன்.

ஒரு கட்டியும் தாழவில்லை. எல்லாம் மிதந்தன. கடற்பறவைகள் வந்து கொத்தின. அவை செத்து விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சாகவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சிஞ்ஞோரா திரும்பி வந்ததும் முதல் கேள்வி, பொலிவியாவிலிருந்து பார்சல் வந்ததா என்பதுதான். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் குசினி மேசையில் என்னை இருத்தி எல்லாம் சொன்னார். அவர்கள் குவேக்கர் என்ற சபையாம். நண்பர்கள் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்வார்களாம். மௌனமாக இருப்பதுதான் அவர்களுடைய செபமாம். பொலிவியாவின் மலைகளில் அய்மாரா மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மணிக்கணக்காக நடக்க வேண்டியிருந்ததால், கிழமை நாட்களில் தங்கிப் படிக்க ஒரு விடுதியை நடத்த இவர்கள் உதவுகிறார்கள். அங்கே படித்த பாவுலினா என்ற பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசை. செலவை இங்கிலாந்துச் சபையார் ஏற்பார்கள், ஆனால் உயிர்த்த ஞாயிறுக்கு முன் அவளுடைய பரீட்சைப் பெறுபேறும் கடிதமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். சிஞ்ஞோராதான் ஸ்பானிய மொழியிலிருந்து அதை மாற்றி எழுதி அனுப்புகிறவர். பார்சலில் அந்தப் பேப்பர்களோடு தாய்மார் கொடுத்துவிட்ட உருளைக்கிழங்கும் இருக்குமாம், உறைபனியில் போட்டுக் காயவைத்தது. வெள்ளையாக, பாரமில்லாமல் இருக்குமாம். வந்ததும் உனக்குச் சமைத்துத் தருகிறேன் என்றார்.

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், சுதாவின் கதி என்ன என்று வாயை மூடிக்கொண்டேன். தபால் பிந்தினாலும் வரும் என்று சிஞ்ஞோரா பொறுமையாக இருந்தார். வராது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். என்ன நேர்த்தி தெரியுமா? அந்தப் பேப்பர் வேறு வழியால் வந்துசேர வேணும், ஆனால் நான் மாட்டுப்படக்கூடாது. என் பிள்ளையை விடுதியில் வைத்துக்கொண்டு, இன்னொரு தாயின் பிள்ளைக்கு இப்படிச் செபித்தேன்.

அந்த மாத ஞாயிறு வந்தது. கோப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்ற என்னை, நீயும் வந்து இரேன் என்று சிஞ்ஞோரா கூப்பிட்டார். போய் இருந்தேன். பீடம் இல்லை, சுவாமியார் இல்லை, பாட்டும் இல்லை. மனதுக்குள் செபமாலை தொடங்கினேன். "பாவிகளாகிய எங்களுக்காக" என்ற இடத்துக்கு வந்ததும் அதற்கு மேலே போக முடியவில்லை. திரும்பத் தொடங்கினேன், அதே இடத்தில் நின்றது. அந்த மௌனத்தில் ஒளிக்க இடமில்லை. ஆண்டவரே, அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும், என்னை என்ன செய்தாலும் செய்யும் என்றேன். அந்த மூன்று கிழமையில் நான் செய்த ஒரேயொரு நேர்மையான செபம் அதுதான். பார்த்தால் நான் எழும்பி நிற்கிறேன்.

"பார்சல் வந்தது. நான் அதைக் கடலில் போட்டுவிட்டேன். உங்களை மாஃபியா என்று நினைத்தேன்." எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் அவ்வளவும் சொல்லி முடித்தேன்.

ஒருவரும் பேசவில்லை. ஒருவர் எழும்பிச் சொன்னால் அதைக் கொஞ்ச நேரம் மௌனத்தில் வைத்திருப்பது அவர்கள் வழக்கமாம். எனக்கு எங்கே தெரியும்? பொலிஸைக் கூப்பிட யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பக்கத்திலிருந்த வயதான மனிசர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிஞ்ஞோரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், எத்தனை நாளாச்சு என்று.

திங்கட்கிழமை காலையிலேயே நடந்ததைச் சொல்லிப் பொலிவியாவுக்கு ஃபேக்ஸ் போனது. விடுதிப் பொறுப்பாளர் பள்ளிக்கூடத்தில் பெறுபேற்றின் பிரதி எடுத்தார். பாவுலினா கடிதத்தை மறுபடியும் எழுதினாள். பட்டணத்துக்குப் பஸ் ஏறிப்போய் ஃபேக்ஸில் அனுப்பினார்கள், சிஞ்ஞோரா மாற்றி எழுதினார். இரண்டு நாள் மிச்சமிருக்க எல்லாம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அடுத்த கூட்டம் வரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்கு இடம் போயிருக்கும். இது தற்செயல் என்று எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

எனக்கு வேலையும் போகவில்லை, பெர்மெஸ்ஸோவும் போகவில்லை. யசிந்தா அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். அக்கா ஒரு பை உருளைக்கிழங்கைக் கட்டி, "சிஞ்ஞோராட்டைக் குடு" என்றார். இப்போது பூசை முடிந்து, மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் அந்த வட்டத்தில் இருக்கிறேன். சகோதரங்களே, மறைத்து வைத்திருப்பதைக் காப்பாற்றச் சொல்லி ஆண்டவரைக் கேளாதேயுங்கள். அதை அவர் கையிலே கொடுங்கள். பயமாகத்தான் இருக்கும். கொடுத்துப் பாருங்கள்.

ஐப்பசி மாதம் பாவுலினாவிடமிருந்து எனக்கென்று ஒரு கடிதம் வந்தது. சிஞ்ஞோரா வாசித்துக் காட்டினார். விடுதிக்கு வருமுன் அவளும் பட்டணத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவளாம். ஒரு கரண்டி காணாமற்போனாலும் முதலில் அவளுடைய மூட்டையைத்தான் அவிழ்ப்பார்களாம். பார்சலைக் காணவில்லை என்று இருந்த நாட்களில் உங்கள் சிஞ்ஞோரா உங்கள் பையைத் திறந்து பார்த்தாரா என்று கேட்டிருந்தாள்.

வாசித்த சிஞ்ஞோரா தலை நிமிரவில்லை. நான் சொல்லச் சொல்ல அவரே பதிலை எழுதினார். இல்லை தங்கச்சி, ஒருநாளும் பார்க்கவில்லை. நான்தான் அவருடையதைத் திறந்து பார்த்தேன்.