கால் மணி நேரச் சாமி

நான் ஒருமுறை கால் மணி நேரம் சாமியாக இருந்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் மரமண்டையால் நேர்ந்தது. இருபது வருஷமாக வெளியில் மூச்சுவிடவில்லை. நேற்று பாண்டி பஜார் மருந்துக்கடைக்காரர் ஒரு காகிதத் துண்டைக் காட்டி, "இத்த மூத்திரத்துல நனைச்சா போதும் சார், சர்க்கரை இருந்தா கலர் மாறிடும்" என்றார். பக்கத்தில் யாரோ ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், சாந்தோமில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியின் பெஞ்சில், கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். யுத்தம் முடிந்தும் சர்க்கரைக்கு ரேஷன் முடியாத காலம். ஊரில் யாருக்கும் கிடைக்காத சரக்கு என் உடம்பில் மட்டும் வழிகிறது என்றார் டாக்டர். பதுக்கல் குற்றத்துக்குப் போலீஸ் வராததுதான் பாக்கி.

தினமும் நானே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். "முதல்ல பழத்துக்குப் போடுங்க சார்" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"பழத்துக்கு வலிக்காதா சிஸ்டர்?"

"அது உங்கள மாதிரி கத்தாது சார்."

வாசற்படியோடு நின்றிருந்த என் மனைவி அலமேலுவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீங்களும் கத்துக்கோங்கம்மா. வீட்ல ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்." நான் நாலு தடவை குத்தியும் பழம் நழுவி ஓடியது. அவள் ஒரே குத்து.

அப்புறம்தான் முக்கியமான பாடம். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். "வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், குடிச்சவர் மாதிரி உளறுவார். முழுங்கற நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணி குடுங்க. விட்டா ஆளே போயிடுவார்மா." அலமேலு அதை மூன்று தரம் திருப்பிச் சொன்னாள். நான் அந்த நேரத்தில், சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையே மருந்தா என்று ஒரு ஹாஸ்யம் தயாரித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்து, அது அங்கேயே இருக்க வேண்டும் என்றார்.

வீட்டில் மருந்துப் புட்டி ஈர மணல் போட்ட பானையில் குடியிருந்தது. மூத்திரப் பரிசோதனைக்கு அடுக்களையில் இடமில்லை என்று அலமேலு தீர்ப்புச் சொல்லிவிட்டதால், கொல்லையில் குந்தியபடி நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். நீலமாகவே இருந்தால் உத்தமம். பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. எனக்குப் பெரும்பாலும் செங்கல்தான். சேர்த்து வைத்திருந்தால் ஒரு வீடு கட்டியிருக்கலாம்.

அந்த மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. எனக்கு மட்டும் உப்புமா கிளறி வைத்துவிட்டு அலமேலு முன்னால் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் ஊசி போட்டுக்கொண்டேன். உப்புமாவைப் பார்த்ததும் மூளை வேலை செய்தது. இன்று உபவாசம் இருந்தால் சர்க்கரை எங்கிருந்து ஏறும்? பெருமாளுக்கும் ஆச்சு, வியாதிக்கும் ஆச்சு. உப்புமா காக்காய்க்குப் போயிற்று. பக்தி முற்றியதால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் அங்கவஸ்திரத்தோடு கிளம்பினேன். பொட்டலம் சட்டையோடு ஆணியில் தொங்கியது.

வரிசை மாடவீதி வரை நீண்டிருந்தது. ஒரு மணி நேரம் நின்றது நினைவிருக்கிறது. அப்புறம் வியர்வை, காலுக்குக் கீழே தரை இல்லை. மற்றதெல்லாம் அலமேலு சொல்லித் தெரிந்தது. நான் ஆடினேனாம். கண்ணை உருட்டினேனாம்.

"ஐயிருக்கு சாமி வந்துகீது! வழி வுடுங்க!" என்று பூக்காரம்மா ஒருத்தி குரல் கொடுக்க, யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நின்ற மூக்குக்கண்ணாடிக்காரர் கைகூப்பினார். "எம் பொண்ணுக்குத் தையில கல்யாணம் கூடுமா சாமி?"

"தயிர் சாதம்" என்றேனாம்.

"படைச்சுடறோம் சாமி!" என்று அவர் காலில் விழுந்துவிட்டார்.

பெண்கள் வரிசையிலிருந்து அலமேலு பாய்ந்து வந்தாள். "சாமியும் இல்லை, பூதமும் இல்லை! நகருங்கோ!" என்றபடி அந்த மனிதரின் தட்டில் இருந்த ரேஷன் சர்க்கரையைப் பிடுங்கினாள்.

"ஐயோ, அது பெருமாளுக்கும்மா!"

"பெருமாள் காத்துண்டிருப்பார். இவர் இருக்கமாட்டார்."

பூக்காரம்மாவின் சொம்புத் தண்ணீரில் கரைத்து, என் தாடையைப் பிடித்து, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்துப் புகட்டினாள். நான் கண் விழித்தபோது எதிரே நூறு பேர். அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. கூட்டம் கலைந்து வீட்டுக்கு வந்ததும், ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூக்குக்கண்ணாடிக்காரர் பெண்ணுக்குத் தையிலேயே கல்யாணம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களையும் அழைத்தார். நான் போகவில்லை, யாராவது மறுபடி கற்பூரம் ஏற்றினால்?

இப்போது ஸ்பிரிட் விளக்கு இல்லை, நீல மருந்து இல்லை. காகிதம் வந்துவிட்டது, சௌகரியம்தான். அந்த தர்ம ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். டாக்டர்கள் சீட்டு எழுதிக் கிழித்துத் தருகிறார்கள். பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, கையில் பழத்தைக் கொடுத்து, நாலு தரம் நழுவினாலும் ஐந்தாவது தரம் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஸ்டெல்லா சிஸ்டரும் இல்லை. எனக்குக் கிடைத்த இருபது வருஷத்துக்கு அவரிடம் நான் நன்றி சொன்னது ஒரே தடவை, ஏகாதசிக்கு மறுநாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், நடந்ததைச் சொல்லி, "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சிஸ்டர் என்னைக் காப்பாத்தித்து" என்றேன்.

அவர் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது எங்க சார் காப்பாத்துச்சு? அடுத்த வாரம் நீங்க வராதீங்க. அம்மாவை மட்டும் அனுப்புங்க."